இருவர் குணமாக்கிய முதுகு

செனாவாங் டவுனில் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்யும் கைரோபிராக்டர் ஒருவர் கடை போட்டிருக்கிறாராம். உங்கள் நோயாளிகள் காலையில் உங்களிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு, மாலையில் அவருடைய மேசையில் போய்க் குப்புறப் படுத்துக்கொள்கிறார்களாம். என்னைப் பார்க்க வந்த உங்களில் இருவர் இதைச் சொல்லிக் கொதித்தார்கள். "ஒன்று எங்களை நம்பணும், இல்லாட்டி அவரை நம்பணும் லா. ரெண்டு படகுல கால் வச்சா எப்படி?" என்றார் ஒருவர். அவருக்கு வயது போதவில்லை. நோயாளிக்கு அப்படி ஒரு நிர்ப்பந்தமும் கிடையாது. அவருக்கு வலிப்பது முதுகு, கொள்கை அல்ல.

அன்று டீ ஆறிப்போகும்வரை பேசினோம். சொல்லாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

நான் டிரஸ்ஸராக இருந்தவன். இப்போது உங்களை மருத்துவ உதவியாளர் என்கிறார்கள். பெயர் நீண்டிருக்கிறது. வேலை அதேதான். டாக்டர் சொன்னதைச் செய்ய வேண்டும், டாக்டர் சொல்ல மறந்ததையும் செய்ய வேண்டும், இரண்டுக்கும் ஏச்சு வாங்க வேண்டும். கட்டுப் போடும் முறை, ஊசி போடும் முறை எல்லாம் உங்கள் புத்தகத்தில் படத்தோடு இருக்கின்றன. படமில்லாத ஒரு பகுதி உண்டு. நான் சொல்வது அதைத்தான்.

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் பகாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். வெள்ளைக்கார டாக்டரைச் சிறை வைத்துவிட்டார்கள். அவருக்குக் கீழே பல வருடம் 'யெஸ் சார்' சொல்லிக்கொண்டிருந்த நம்மவர் ஒருவர் ஒரே காலையில் பெரிய டாக்டர் ஆனார். மெட்ராஸில் படித்தவர். கைராசிக்காரர் என்றே சொல்ல வேண்டும். ஆனால் மருந்து அலமாரி காலியாகக் காலியாக அவருடைய கௌரவம் பெருத்தது. மலேரியாவுக்கான கொயினா தீர்ந்தபோது தினமும் கழுத்தில் டை கட்டத் தொடங்கினார். பஞ்சு தீர்ந்தபோது ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றாமலே சாப்பிட உட்கார்ந்தார்.

கோயிலுக்குப் பின்னால் எலும்பு வைத்தியர் இருந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர். சுளுக்கு எடுப்பார், விலகின மூட்டை ஏற்றுவார், முதுகில் முழங்காலை ஊன்றி 'மடக்'கென்று ஒரு சத்தம் வரவைப்பார். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்கள் சனத்துக்குத் திருப்தி. அடக்கம் என்ற குறை அவருக்கும் கிடையாது. தன் குருபரம்பரையை அகத்தியரிலிருந்து சொல்லத் தொடங்குவார். மூன்றாவது பெயர் அவருடையதாகவே இருக்கும்.

இருவரும் நேருக்கு நேர் பேசியதில்லை. நோயாளிகள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். முதுகுவலி என்று யார் வந்தாலும் டாக்டர் பலகையில் அசையாமல் படுக்கச் சொல்வார். பலகைக்கு ஏது வழி? வீட்டுக் கதவைக் கழற்றிப் படுக்கச் சொன்னார். வைத்தியர் இதைக் கேட்டுவிட்டு, "கதவக் கழட்டினா முதுகு நேராகுமா? அப்ப சன்னலக் கழட்டினா கண்ணு தெரியுமான்னு உங்க டாக்டர்கிட்டக் கேளு" என்று சொல்லியனுப்பினார். கேட்கவும் ஒருவன் இருந்தான். டாக்டர் நிதானமாகக் கைகழுவியபடி, "எண்ணெய் தடவினா எலும்பு சேரும்னா வடை சுடுறவனெல்லாம் சர்ஜன்தான், போய்ச் சொல்லு" என்றார். இவையெல்லாம் மருத்துவ ஆலோசனை என்ற கணக்கில் நடந்தன.

இந்த இருவருக்கும் நடுவில் வந்து மாட்டினவர் மாணிக்கம். பால்மரம் சீவுகிறவர். ரப்பருக்கு விலையில்லாமல் போனதும் மரத்தை வெட்டிவிட்டு மரவள்ளி நடச் சொன்னார்கள். வெட்டின மரம் ஒன்று சரிவில் உருண்டு வந்து இடுப்பில் இடித்துத் தள்ளியது. காலில் உணர்ச்சி இருந்தது, விரல் அசைந்தது, எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் அழுத்திப் பார்த்தார். படுக்கை, கதவு, மூச்சுகூட மெதுவாக விட வேண்டும் என்றார். அன்று மாலையே மாணிக்கத்தின் மனைவி அஞ்சலை வைத்தியரையும் கூட்டிவந்து காட்டினாள். "படுக்கக் கூடாது. படுத்தா முதுகும் படுத்துக்கும். நடக்கணும்" என்றார் அவர்.

அஞ்சலை யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டையும் செய்தாள். நானும் டாக்டரும் காலையில் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்குப் போகும்போது கதவு தரையில் கிடக்கும், அதன்மேல் மாணிக்கம் கிடப்பார். மாலையில் கதவு நிலையில் நிற்கும், மாணிக்கமும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வைத்தியர் எண்ணெய்க் கட்டுப் போடுவார். விடியுமுன் அதை அவிழ்த்துவிட்டு என் துணிக்கட்டை அவள் கட்டிவிடுவாள், நான் கட்டினதைவிட அழகாக. ஒரு நாள் டாக்டர் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்ன வாடை இது?"

"கொசுவுக்குத் தடவினதுங்கய்யா."

"முதுகிலா கொசு கடிக்குது?"

"படுத்தே கெடக்குறாருல்ல. திரும்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நம் தொழிலில் கூரையைப் பார்க்கத் தெரிவது ஒரு தகுதி. எந்தப் பரீட்சையிலும் அதைக் கேட்கமாட்டார்கள்.

மாணிக்கம் தேறினார். எதனால் தேறினார் என்று என்னைக் கேட்காதீர்கள். இடிபட்ட முதுகு பெரும்பாலும் கொஞ்ச நாளில் தானே தேறிவிடும், டாக்டரும் வைத்தியரும் அதற்கு இடையூறு செய்யாமல் இருந்தால். இடையூறு செய்தும் தேறினதில்தான் மாணிக்கத்தின் உடம்பு எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது.

தேறினதைப் பார்த்து இருவரும் சும்மா இருந்திருக்கலாம். டாக்டர் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகளையெல்லாம் அழைத்து, ஆஸ்பத்திரி வாசலில் மாணிக்கத்தை மேலும் கீழும் நடக்கவைத்துக் காட்டினார். சேதி கோயிலுக்குப் பின்னால் எட்டியது. அந்த வாரமே வைத்தியர் தோட்டத்துக் கடை வாசலில் சனத்தைக் கூட்டி, மாணிக்கத்தின் தலையில் ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கை ஏற்றி நடக்கவிட்டார். "நடக்கவைக்கிறது பெரிசில்ல. சுமக்கவைக்கணும். இதுதான் வைத்தியம்" என்றார். சனம் கைதட்டியது. ஆட்களை வேலை வாங்கும் கங்காணியும் அந்தக் கூட்டத்தில் நின்றார். அவர் கைதட்டவில்லை. ஆளை மேலும் கீழும் பார்த்தார்.

சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கொஞ்ச நாள் வேலை, நல்ல சாப்பாடு என்று சொல்லித்தான் முதலில் கூட்டிப்போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. அதற்குப்பின் லாரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடினவன் வீட்டுக்கு அரிசி நின்றது. அவனுடைய அண்ணனையோ தம்பியையோ ஏற்றிக்கொண்டு போனார்கள். கூனன், குருடன், காய்ச்சல்காரன், சொறி பிடித்தவன் எல்லாம் தப்பினார்கள். அந்த நாளில் எங்கள் தோட்டத்தில் ஆளைக் கொல்லும் வியாதி ஒன்றே ஒன்றுதான். அது நல்ல உடம்பு.

அடுத்த லாரிக்குக் கங்காணி மாணிக்கத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்கப் போனேன். "அதான் ரெண்டு வைத்தியருமே கொணமாச்சுங்கிறாங்களே டிரசரே. ரெண்டு பேரும் ஒரே சேதி சொல்றது தோட்டத்துல இதான் மொதத் தடவ. நான் எப்படி இல்லங்கிறது?" என்றார். அவர் முதுகிலும் ஜப்பான்காரனின் பிரம்புத் தழும்பு இருந்தது. அது காயமாக இருந்தபோது நான்தான் கழுவிக் கட்டினேன். ஆகவே திரும்பி வந்துவிட்டேன்.

அஞ்சலை ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அழவில்லை. மருந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"டிரசரய்யா, ரெண்டு பேருமாச் சேந்து எம்புருசனக் கொணமாக்கிட்டாங்க. இப்ப அவர யாரு காப்பாத்துறது?"

"டாக்டரிடம் பேசுகிறேன்" என்றேன்.

"பேசுங்க. மறுபடி மரத்தத் தூக்கிப் போடணும்னாலும் சொல்லுங்க, நானே போடுறேன்."

டாக்டர் கெட்டவர் அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம்தான்" என்றார். தேறவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும் என்றேன்.

"அதெப்படி முடியும்? கிராணிங்க அத்தனை பேரும் பாத்திருக்காங்க. நான் குணமாகலேன்னு சொன்னா அந்த எண்ணெய்க்காரன் என்ன செய்வான் தெரியுமா? டாக்டரே தோத்துட்டார்னு கோயில் மணிய அடிப்பான், மேன்."

வைத்தியரிடம் போனேன். அவரும் இரக்கமுள்ளவர். உச்சுக்கொட்டினார், அஞ்சலைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து வைத்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, என் கை பட்ட முதுகு தேறலேன்னு என் வாயாலயே சொல்லணுமா? அதுக்கு இந்தக் கையை வெட்டிப் போட்டுரலாம். வேற எது வேணும்னாலும் கேளுங்க. காளி மேல சத்தியம் பண்ணிப் பொய் சொல்லச் சொல்லுங்க, சொல்றேன்."

திரும்பி நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. பொய் சொல்ல இருவருக்கும் தயக்கமில்லை. தோற்றதாகச் சொல்லத்தான் தயக்கம். உயிர் போகிற விஷயமாக இருந்தாலும், அது இன்னொருவன் உயிராக இருக்கும்வரை, படித்தவன் தன் தோல்வியை ஒத்துக்கொள்ள மாட்டான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இரத்த அழுத்தத்தை எப்படிக் குறித்துக்கொள்கிறோமோ அப்படிக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப நடக்க வேண்டும். நான் கேட்ட கேள்வி தவறு. உன் வைத்தியம் பலித்ததா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

மறுபடி டாக்டரிடம் போனேன்.

"சார், மாணிக்கத்தைக் குணமாக்கினது நீங்கள்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கிடையில் வைத்தியர் முழங்காலை வைத்து மடக்கியிருக்கிறார்."

அது உண்மை. நான் கூட்டிச் சொல்லவில்லை.

டாக்டர் எழுந்து நின்றார். "எங்கே? எந்த இடத்தில?"

"இடுப்புக்கு மேலே. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டதாம்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நெருங்கின சொந்தத்தில் சாவு விழுந்த மாதிரி இருந்தது அவர் முகம். "போச்சு. நான் செஞ்சதெல்லாம் போச்சு. வெளியே ஒண்ணும் தெரியாது. நடப்பான், சுமப்பான். உள்ளே எல்லாம் கலைஞ்சு கெடக்கும். ஒரு நாள் அப்படியே உக்காந்துருவான்."

"இதை லாரி வரும் நாளில் பெரட்டில் சொல்வீர்களா சார்?"

"கேக்காட்டியும் சொல்வேன்."

வைத்தியரிடம் இதையே திருப்பிப் போட்டேன். நீங்கள் எடுத்துவிட்ட முதுகைத் தினமும் காலையில் கதவில் அசையாமல் கிடத்தியிருக்கிறார்கள் என்றேன். அவர் எண்ணெய்ச் சட்டியைக் கீழே வைத்தார். "நெனச்சேன். அன்னைக்கு மூட்டை ஏத்தும்போதே நரம்பு சொல்லிச்சு. தம்பி, அந்த ஆளு இனிமே ஆளில்ல" என்றார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் துக்கம் இருந்தது. சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவி இன்னும் வரவில்லை.

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். லாரி ஏற்கெனவே வந்து நின்றது. ஜப்பானிய அதிகாரி குட்டையான மனிதர், கையில் பிரம்பு. அவருக்குத் தெரிந்த மலாயில் மருத்துவ அறிவு முழுவதும் இரண்டு தீர்ப்பில் அடங்கிவிடும். 'பாகுஸ்' என்றால் நல்லது, லாரியில் ஏறு. 'தா பாகுஸ்' என்றால் நல்லதில்லை, போ. அவரை நாங்கள் 'துவான்', அதாவது ஐயா, என்றுதான் அழைக்க வேண்டும். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிறவர்கள் எல்லாரும் வந்து நிற்க வேண்டும் என்றும் உத்தரவு வந்திருந்தது. எதற்கென்று யாரும் கேட்கவில்லை. டாக்டர் டையோடு நின்றார், வைத்தியர் திருநீற்றோடு நின்றார், நான் கையில் சிவப்புச் சிலுவைத் துணியோடு நடுவில் நின்றேன்.

மாணிக்கத்துக்கு நடிக்கத் தெரியாது. நொண்டச் சொல்லி அஞ்சலை எவ்வளவோ சொல்லியனுப்பியும், பேர் கூப்பிட்டதும் பழக்கதோஷத்தில் கமுகுமரம் மாதிரி நிமிர்ந்து முன்னால் வந்தார். அதிகாரி பிரம்பால் அவர் தோளைத் தட்டினார். முகம் மலர்ந்தது. "பாகுஸ்."

பெண்கள் நின்ற பக்கம் நான் திரும்பவில்லை.

"தா பாகுஸ், துவான்" என்றார் டாக்டர்.

அதிகாரி திரும்பினார். டாக்டர் முன்னால் வந்து மலாயில் விளக்கினார். முதுகு உள்ளே உடைந்துவிட்டது, நான் ஒட்டவைத்திருந்தேன், இந்த ஆள் முழங்காலால் உடைத்துவிட்டான் என்று வைத்தியரைக் கைகாட்டினார். வைத்தியர் பாய்ந்து வந்தார். உடைத்தது நானல்ல, கதவில் கிடத்திக் காய்ந்த விறகாக்கினது இந்த மனிதர் என்றார். மலாய் ஓரளவுக்குத்தான் தாங்கியது. அதன்பின் தமிழில் இறங்கிவிட்டார்கள்.

"படிச்ச முட்டாள்னா இவருதான்யா."

"படிக்காத கொலைகாரன் நீ."

"எங்க ஒடஞ்சதுன்னு தொட்டுக் காட்டு பாப்போம்."

"இதோ, இங்கே."

"அது இல்லய்யா, இங்க."

டாக்டர் ஒரு பக்கம் கட்டைவிரலை ஊன்றினார். வைத்தியர் மறுபக்கம் முழங்கையை ஊன்றினார். மாணிக்கம் அலறிய அலறல் ஆஸ்பத்திரிக் கூரையில் இருந்த காக்கைகளைக் கிளப்பிவிட்டது. அது நடிப்பில்லை. இரண்டு நிபுணர்கள் ஒரே நேரத்தில் சோதித்தால் எந்த முதுகும் அலறும். மாணிக்கம் அப்படியே தரையில் சரிந்தார். அதிகாரி பின்வாங்கினார். "தா பாகுஸ்" என்று பிரம்பை வீசினார். அஞ்சலையும் இன்னொருத்தியும் ஓடிவந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு நின்றபோது அதிகாரி மறுபடி பேசினார். சயாமில் ஆட்கள் காய்ச்சலில் விழுகிறார்கள், இங்கே நல்ல வைத்தியர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அவரையும் கொண்டுபோகத்தான் வந்தேன் என்றார். டாக்டரைப் பார்த்தார். முதுகை விறகாக்கினவர். வைத்தியரைப் பார்த்தார். முதுகை உடைத்தவர். இருவரையும் பற்றி இந்தச் சபையில் கெட்டதைத் தவிர வேறெதுவும் அவர் கேட்டிருக்கவில்லை. அப்புறம் என் கையில் கட்டியிருந்த சிலுவைத் துணியைப் பார்த்தார். அந்த வரிசையில் யாரும் பழி சொல்லாத ஒரே ஆள் நான்தான்.

பிரம்பு என் மார்பில் வந்து நின்றது. "பாகுஸ்?"

எல்லா முறையும் தெரிந்தவன் நான். அந்த நேரத்துக்கு ஒரு முறை எனக்குத் தெரியவில்லை.

"இவனா?" என்றார் டாக்டர். "துவான், இவனுக்கு ஊசி குத்தத் தெரியாது. எலும்பில் குத்துவான்."

"கட்டுப் போடவும் தெரியாது துவான்" என்றார் வைத்தியர். "லூசாப் போடுவான். நடக்கும்போதே அவுந்து விழும்."

"மருந்தை மாற்றிக் கொடுப்பான்."

"ஆமா, கொடுப்பான். நானே பாத்திருக்கேன்."

நான் அறிந்தவரை அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே நோய் நிர்ணயம் அதுதான். அதிகாரி எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தரையில் துப்பினார். எல்லாமே தா பாகுஸ் என்று சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போனார்.

லாரி வெறுமையாகப் போகவில்லை. மாணிக்கம் நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவர் நின்றார், சலவைத் தொழிலாளி ஒருவர். அவர் முதுகைப் பற்றிச் சண்டைபோட அங்கே யாரும் இல்லை. அவருக்கு ஒரு நாளும் முதுகு வலித்ததில்லை. அவர் திரும்பி வரவில்லை. இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுவது என் வழக்கம்.

மறுநாள் டாக்டருக்கு நன்றி சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. "எதுக்கு நன்றி? கேட்டான், சொன்னேன். அந்த ஊசி விஷயத்தைக் கொஞ்சம் கவனி" என்றார். மாலையில் வைத்தியரிடம் போனேன். "உள்ளதத்தானே சொன்னேன் தம்பி. கட்டு லூசாத்தான் போடுறீங்க. அந்தப் பொம்பள அஞ்சலை எவ்வளவு நல்லாக் கட்டுறா" என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னார்களா, மனதில் இருந்ததைச் சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பணி ஓய்வு பெறும்வரை கட்டை இறுக்கிப் போட்டேன்.

ஆகவே, செனாவாங்கில் கடை போட்டிருப்பவரைப் பற்றிக் கொதிக்காதீர்கள். அவரிடம் போனாயா என்று நோயாளியை அதட்டாதீர்கள், அதட்டினால் கொசு எண்ணெய்க் கதைதான் வரும். அவர் என்ன செய்தார் என்று சாதாரணமாகக் கேளுங்கள், பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடமும் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். உங்களைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்பது ஒரு நாள் உங்களுக்கு உதவலாம்.

ஜப்பான்காரன் போன பிறகு, மாணிக்கத்தின் மகளுக்குத் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம் நடந்தது. டாக்டரும் வைத்தியரும் வந்திருந்தார்கள். இருவரையும் ஒரே வரிசையில் உட்காரவைக்க வேண்டியிருந்ததால் நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். மாணிக்கம் சமையல்கட்டிலிருந்து சோற்று அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு வந்தார். முதுகு வளையவில்லை. எங்களைக் கண்டதும் அண்டாவை மெல்ல இறக்கிவைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"பாத்தியா" என்று என் வலக்காதில் சொன்னார் டாக்டர். "அன்னைக்கே சொன்னேன், உள்ளே கலைஞ்சிருக்குன்னு."

"கதவு பண்ணின வேலை" என்றார் வைத்தியர் இடக்காதில்.

அஞ்சலை கரண்டியோடு பின்னால் வந்தாள். "போதும் நிமிருய்யா. லாரி போயி எத்தன வருசமாச்சு" என்றாள் தாழ்ந்த குரலில்.

மாணிக்கம் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. "இருடி. ரெண்டு பேரும் சாப்பிட்டு எந்திரிக்கட்டும்" என்றார்.